பூனைக்கு மீன் ஆக்கிய ஆசாரி வீடு

“மீன் ஆக்குன கூலியக் குடுங்க பெரியப்பா.”

மில்லுக்காரர் வீட்டு வாசலில் நின்று கூலி என்ற சொல்லை மட்டும் வாயில் எடுத்துவிடாதே என்று நாகேந்திரன் ஆசாரி தன் மகளுக்கு மூன்று வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தேவிகா இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் சொல்லிவிட்டாள்.

மெய்யநாதன் மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பழனி நடைப்பயணத்துக்குப் போட்ட மாலை நெஞ்சில் புரள, காவி வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக வராந்தாவில் நின்று செல்போனைத் துடைத்துக்கொண்டிருந்தார். புதுவயலில் அவருடைய அரிசி மில் தெரியாதவர்கள் கிடையாது. தெரியவில்லை என்றாலும் கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியைப் பார்த்தால் தெரிந்துவிடும். மில் புகைபோக்கியிலிருந்து கிளம்பும் உமிச்சாம்பல் சாதி மதம் பார்க்காமல் எல்லார் துணியிலும் விழுகிறது.

“என்ன கூலிங்கிற?”

“பூனைக்கு மீன் ஆக்குன கூலி. எங்கம்மாவுக்கு.”

அவர் மனைவியைப் பார்த்தார். துர்காதேவி ஈரத் தலையில் சுற்றிய துண்டோடு சாமி அறையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் கழுத்தில் மாலை.

“காலங்காத்தால என்னடி ஆச்சு ஒனக்கு? சாப்பிட்டியா?”

அந்த வீட்டில் சங்கடமான எந்தக் கேள்விக்கும் முதல் பதில் சாப்பிட்டியா என்பதுதான்.

“சாப்பிடல பெரியம்மா. எங்க வீட்டுல ஒக்காந்து சாப்பிட முடியாது. மீன் வாசம்.”

மெய்யநாதன் வாய்விட்டுச் சிரித்தார். பிள்ளை ஏதோ தமாஷ் பண்ணுகிறது என்று நினைத்துக்கொண்டார். தேவிகா கையிலிருந்த தூக்குச்சட்டியை வராந்தாப் படியில் ணங்கென்று வைத்தாள். அதற்குப் பிறகுதான் அவருடைய சிரிப்பு நின்றது.

ஆசாரி வீட்டில் மீன் வாசம் என்பதே ஊருக்குப் புதிசு. நாகேந்திரன் வீட்டில் அவருடைய தாத்தா காலத்திலிருந்தே கவுச்சி கிடையாது. கேக் வாங்கிப் போனால்கூட அவர் மனைவி முத்தழகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “முட்டை கிட்டை கெடக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஒரு விள்ளல் எடுப்பாள். அப்படிப்பட்டவளின் அடுப்பில் கார்த்திகையிலிருந்து தினமும் மீன் தலை கொதித்தது. எல்லாம் ஒரு பூனையால்.

மெய்யநாதனின் மகள் சௌபர்ணிகாவுக்குப் பெங்களூரில் வேலை. அங்கே வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் பூனை வளர்க்கக் கூடாது என்று சொல்லிவிட, தீபாவளிக்கு வந்தவள் கூண்டோடு அதைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள். வெள்ளைவெளேர் என்று பஞ்சு மூட்டை மாதிரி ரோமம். மூஞ்சி மட்டும் யாரோ உலக்கையால் ஒரு போடு போட்ட மாதிரி சப்பை. மோச்சி என்று பெயர் வைத்திருந்தாள். துர்காதேவி அதை முதல் நாளே மொச்சை ஆக்கிவிட்டாள். பூனையும் மொச்சை என்றால்தான் திரும்பிப் பார்த்தது.

சௌபர்ணிகா கொண்டுவந்து வைத்த பாக்கெட் தீனி கார்த்திகையில் தீர்ந்தது. புதிதாக வாங்கலாம் என்று போனில் விலையைப் பார்த்த மெய்யநாதனுக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை. மில்லில் நிலைக்கதவு சரிபண்ணிக்கொண்டிருந்த நாகேந்திரனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டார். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்த தேவிகா அந்தப் பிரசங்கத்தை முழுசாகக் கேட்டாள்.

“ஆசாரி, நெல்லுல எது வீணு, சொல்லு பாப்பம்?”

“ஒண்ணும் வீணில்ல முதலாளி.”

“அப்பிடிச் சொல்லு. அரிசி நமக்கு. தவிடு எண்ணெய்க்காரனுக்கு. நொய்யி கோழிக்கு. உமி பாய்லருக்கு. எரிஞ்ச சாம்பலக் கூட செங்கச் சூளைக்காரன் வந்து அள்ளிட்டுப் போறான். அப்ப மீனுல மட்டும் என்னய்யா வீணு?”

“எனக்கு மீனு தெரியாதே முதலாளி.”

“தலைதான்யா! தலைய யாரு திங்கிறா? அந்தத் தலைய ஒரு கம்பெனிக்காரன் சல்லிசா அள்ளிட்டுப் போயி, காயவச்சு, பொடி பண்ணி, உருட்டி, மேல ஒரு பூனைப் படத்தப் போட்டு, கிலோ ஐநூறுன்னு எங்கிட்டயே விக்கிறான். நானே ஆயுசு பூரா அந்த வேலதான பாக்குறேன்? எங்கிட்டயேவா?”

“அது சரிதான் முதலாளி.”

“மீன் தலை, நம்ம மில்லு நொய்யி, ஒரு கையி தவிடு. போட்டு வேகவச்சா முடிஞ்சு போச்சு. காக்காசு செலவில்ல.”

தவிடு எதற்கு என்று தேவிகா கேட்டாள். சத்து என்றார். பூனைக்கா என்றாள். “எல்லா உசுருக்கும்தான்த்தா” என்றார் பெருந்தன்மையாக.

எல்லாம் சரி. ஆனால் மறுநாள் கணவனும் மனைவியும் மாலை போடுகிறார்கள். தைப்பூசம் முடிந்து பழனியிலிருந்து திரும்புகிற வரைக்கும் வீட்டு அடுப்பில் கவுச்சி ஏறக் கூடாது. மெய்யநாதன் கொஞ்சநேரம் மோவாயைத் தடவினார். பிறகு முகம் மலர்ந்தது.

“ஒங்க வீட்டு அடுப்பு இருக்குல்ல ஆசாரி?”

நாங்களும் சாப்பிடுறதில்லையே முதலாளி என்ற வார்த்தை அப்பாவின் தொண்டைக்குழி வரைக்கும் வந்ததைத் தேவிகா கண்ணால் பார்த்தாள். வந்தது அங்கேயே நின்று, எச்சிலோடு இறங்கிவிட்டது.

காரணம் அவள்தான். அவளுடைய பி.காம். மூன்று வருசக் கல்லூரிக் கட்டணம் மெய்யநாதன் கட்டியது. அதைக் கையில் கொடுத்திருந்தால் பரவாயில்லை. ஊர்த் திருவிழாவில் மேடை போட்டு, மைக்கில், “நம்ம ஆசாரி மக, படிக்க வசதியில்லாத புள்ள” என்று அறிவித்து, அவளை மேலே ஏற்றி, கவரைக் கொடுத்து, போட்டோ எடுத்து, காலில் விழவைத்து, மறுபடி ஒரு போட்டோ எடுத்துத்தான் கொடுத்தார். மூன்று வருசமும் திருவிழா வந்தது. மூன்று வருசமும் அவள் விழுந்தாள். அதுவரை ஐயா என்று கூப்பிட்டவளை அன்றிலிருந்து பெரியப்பா என்று கூப்பிடச் சொன்னார்கள். உறவுமுறை வந்த பிறகு நாகேந்திரன் அந்த வீட்டில் அடித்த ஆணிக்கும் இழைத்த கதவுக்கும் கூலி பேசுவது நின்றுபோயிற்று. பெரியப்பா வீட்டில் யாராவது கூலி கேட்பார்களா?

இப்போது படிப்பு முடிந்து, தை பிறந்ததும் மில்லில் வந்து கணக்குப் பார் என்று சொல்லியிருந்தார்கள். எவ்வளவு சம்பளம் என்று யாரும் சொல்லவில்லை. காரைக்குடியில் ஒரு ஆடிட்டர் ஆபீசிலும் அவளை வரச்சொல்லி இருந்தார்கள். அதற்குப் பதில் சொல்லவிடாமல் நாகேந்திரன்தான் நிறுத்தி வைத்திருந்தார். “செஞ்ச நன்றின்னு ஒண்ணு இருக்குத்தா” என்பார். சொல்லும்போது மகள் முகத்தைப் பார்க்க மாட்டார்.

ஆக, மீன் வந்தது. தொண்டியிலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிற மீனை மொபெட்டில் வைத்து விற்கிற அம்மாள் ஆசாரி வீட்டு வாசலில் ஹாரன் அடித்தபோது, எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் புள்ளியைத் தப்பாக வைத்துவிட்டாள்.

“ஏத்தா, வீடு மாறி வந்துட்டனா?” என்றாள் மீன்காரி.

“இல்லக்கா, இங்கதான். தலை மட்டும் போதுமாம்” என்றாள் முத்தழகு, தெருவில் யாருக்கும் கேட்காத குரலில்.

“எத்தன தலைத்தா? கொழம்புக்கா? வறுக்கவா?”

“பூனைக்கு.”

“பூனைக்கு வாங்குறதுக்கா இம்புட்டு ரகசியம்? நான் என்னமோ ஆசாரிக்குத்தான் ஆசை வந்துருச்சோன்னு நெனச்சேன்.”

உள்ளே உளிச் சத்தம் ஒரு நிமிசம் நின்று, பிறகு இரண்டு மடங்கு வேகமாகக் கேட்டது.

செவுளைப் பிய்ப்பது எப்படி, செதிலைச் சுரண்டுவது எப்படி என்று அந்த அம்மாளே கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுத்தாள். முத்தழகு முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி மீனை அறுத்தாள். “ஏத்தா, என்னயப் பாக்காத, மீனப் பாரு. வெரலு போயிரும்” என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அடுப்பில் ஏற்றிய பிறகு இன்னொரு பிரச்சினை.

“உப்புப் போடவாடி?”

“பூனைக்கு எதுக்கும்மா உப்பு?”

“உப்பில்லாம எப்பிடிடி ஒரு உசுருக்குச் சோறு போடுறது?”

“போடாதம்மா.”

“ருசி பாக்கவும் முடியல. வாயில வைக்காம ஒண்ண ஆக்கி இன்னொருத்தர் வீட்டுக்கு எப்பிடிக் குடுத்துவிடுறது? நாளைக்கு அந்தப் பூனை என்னயத்தான் சொல்லும்.”

முத்தழகுக்கு ஆக்கத் தெரிந்த விதம் ஒன்றுதான். தேவிகா குளிக்கப் போயிருந்த நேரத்தில் நாலு சின்ன வெங்காயத்தைத் தட்டிப் போட்டு, கொஞ்சம் சோம்பு, கொஞ்சம் மிளகு, கடைசியில் கறிவேப்பிலை. பூனைக்கு அன்று பேதி. காரைக்குடியிலிருந்து கால்நடை டாக்டரை வரவழைத்தார்கள். பூனைக்கு வெங்காயம் விஷம்மா என்று அவர் சத்தம்போட்டுவிட்டுப் போனார். டாக்டருக்குக் கொடுத்த பணத்தை வீட்டுத் தீனிக் கணக்கில் மெய்யநாதன் சேர்க்கவில்லை. அது முத்தழகின் தவறில் வந்த செலவாம். முத்தழகும் அப்படியே நம்பி, இரண்டு நாள் அந்தப் பூனைக்காக பைரவர் கோயிலில் விளக்குப் போட்டாள். நாய் வாகனத்துச் சாமியிடம் போய்ப் பூனைக்கு வேண்டிக்கொண்ட முதல் பக்தை அவளாகத்தான் இருக்க வேண்டும்.

மீன் தலைக்கு மெய்யநாதன் காசு கொடுத்துவிடுவார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கேஸ் ஆசாரி வீட்டுக் கேஸ். வாசம் போவதற்குக் கொளுத்திய சாம்பிராணி ஆசாரி வீட்டுச் சாம்பிராணி. அது தலையைவிட விலை கூடுதல். பிறகு கையில் தேய்க்க எலுமிச்சம்பழம், கொல்லையில் தெளிக்கப் பினாயில். விடிந்ததும் மீன் கழுவி, வேகவைத்து, முள் பொறுக்கி, ஆறவைத்துக் கொடுத்துவிட்டு, முத்தழகு மறுபடி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குச் சமைப்பாள். மார்கழிப் பனியில் நாளைக்கு இரண்டு தலைக்குளியல். சளி கட்டிக்கொண்டு கரகரத்த குரலில், “பூனை நல்லாச் சாப்பிட்டுச்சாம்டி, துர்கா அக்கா சொன்னாக” என்று சந்தோசப்படுவாள். தேவிகாவுக்கு அந்தச் சந்தோசத்தைப் பார்த்தால்தான் ஆத்திரம் மண்டைக்கு ஏறும்.

இதையும் பொறுத்திருக்கலாம். ஆனால் கொல்லையில் குதிரை நின்றது.

காளையார்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கோயிலுக்குக் குதிரை வாகனம் செய்கிற வேலை நாகேந்திரனுக்கு வந்திருந்தது. நாலு பேரிடம் விசாரித்து, சுத்தபத்தமான வீடு என்று தெரிந்துகொண்டுதான் கமிட்டியில் கொடுத்தார்கள். கொல்லைக் கொட்டகையில் கால் தூக்கி நின்ற குதிரைக்குப் பிடரி மட்டும்தான் பாக்கி. நேற்று கமிட்டித் தலைவர் வைரவன் பார்க்க வந்தார். குதிரையைச் சுற்றி வந்தார். நின்றார். மூக்கை உயர்த்தினார்.

“என்ன ஆசாரி, வாசம் ஒரு மாதிரியா வருது?”

“பசைங்கய்யா. வஜ்ஜிரம் காய்ச்சுனேன்.”

“வஜ்ஜிரமா? எனக்கு வஞ்சிரம் மாதிரில்ல இருக்கு.”

நாகேந்திரன் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அடுப்படியில் ஒரு கொதி பொங்கி வழிந்தது. வைரவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றார். பானைக்குள்ளிருந்து ஒரு மீன் தலை, கண்ணைத் திறந்தபடி அவரைப் பார்த்தது.

“பூனைக்குங்கய்யா” என்றாள் முத்தழகு.

“பூனை எங்க?”

“அது இங்க இல்லீங்கய்யா. மில்லுக்காரவுக வீட்டுல.”

“அவுக வீட்டுப் பூனைக்கு நீங்க ஏன் ஆக்குறீக?”

“அவுக மாலை போட்டுருக்காகய்யா. அவுக வீட்டுல ஆக்கக் கூடாது.”

வைரவன் அவளை ஒருமுறை, குதிரையை ஒருமுறை பார்த்தார். “அவுக மாலைக்கு இருக்குற மருவாத எங்க சாமி குதிரைக்கு இல்லையாக்கும்? நல்லாருக்கும்மா நாயம்” என்றார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருவதாகவும், அன்றைக்கும் இந்த வாசம் இருந்தால் குதிரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வேறு ஆளை வைத்து முடித்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார். குரலை உயர்த்தாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. கொடுத்த வேலையைக் கோயில்காரர்கள் பாதியில் தூக்கிக்கொண்டு போனார்கள் என்றால், அதற்கப்புறம் இந்தச் சீமையில் எந்தக் கோயிலும் அந்த ஆசாரியைக் கூப்பிடாது.

“முதலாளிட்ட போயிச் சொல்லுங்க” என்றாள் தேவிகா அப்பாவிடம்.

“என்னான்னு சொல்றது?”

“ஆக்க முடியாதுன்னு.”

“எப்பிடித்தா அப்பிடிச் சொல்றது? ஒனக்கு அவுக…”

“ஃபீஸ் கட்டுனாக. தெரியும். நானும் மேடையில இருந்தேன்.”

இன்று காலை முத்தழகு தூக்குச்சட்டியை எடுத்தபோது தேவிகா பிடுங்கிக்கொண்டாள். “கூலி கேக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போத்தா” என்று நாகேந்திரன் உளியும் கையுமாகத் தெரு வரைக்கும் வந்தார். அவள் சொல்லவில்லை.

“சரி, வெளையாட்டு போதும்” என்றார் மெய்யநாதன். “ஒனக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுனேனே, அதுக்கு நான் வட்டி கேட்டனா?”

“கேட்டீக. தெனம் ஒரு சட்டி மீனா வாங்கிட்டீக.”

“ஏய்!” என்றாள் துர்காதேவி.

“விடு துர்கா, பேசட்டும். படிச்ச புள்ள.” அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கணக்குப் பேச்சு என்றால் அவருக்கு ஒரு குஷிதான். “இந்தா பாரு. பாக்கெட்டு வாங்குனா கிலோ ஐநூறு. வீட்டுல ஆக்குனா தலைக்குக் குடுக்குறதோட சரி. நொய்யி நம்மளுது, தவிடு நம்மளுது. பெங்களூர்ல ஒரு ஆபீஸே எம் மகட்ட கேக்குதாம், ஒங்கப்பா எப்பிடி இவ்வளவு சல்லிசாப் பூனை வளக்குறாருன்னு.”

“அந்தத் தலை தானா வெந்துருச்சா பெரியப்பா?”

“என்னது?”

“நொய்யி ஒங்களுது. தவிடு ஒங்களுது. கை யாருது? அதுக்கு என்ன போட்டீக கணக்குல?”

“அது… நம்ம முத்தழகுதான?”

“ஒங்க மில்லுல நெல்லு அவிக்கிறவனும் நம்ம ஆளுதான். அவன் கூலிய அரிசி வெலையில சேக்காமயா விக்கிறீக?”

மில் கணக்கில் அவரை யாரும் இதுவரை மடக்கியதில்லை.

“கேஸு எங்களுது, சாம்பிராணி எங்களுது. கமிட்டிக்காரவுக வந்து மீன் வாசம்னு சொல்லி, எங்கப்பா வேலையே போகப்போகுது. எல்லாத்தையும் சேத்தா ஒங்க வீட்டுத் தீனிக்குப் பாக்கெட்டுத் தீனி பாதி வெலை.”

“அதெல்லாம் விட்ரு. பூனைக்கு ஒடம்பு தேறிருச்சா இல்லையா? ரோமத்தப் பாரு, மின்னுது. ஒங்கம்மா கைப் பக்குவம். பாக்கெட்டுல வருமா இது? ஏ மொச்சை! இங்குட்டு வா!”

மொச்சை உள்ளேயிருந்து வந்தது. உடம்பு தேறித்தான் இருந்தது. நடக்கும்போது வயிறு தரையைத் துடைத்தது. மெய்யநாதன் தானே குனிந்து, மாலை படாமல் ஒரு கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டு, மறுகையின் சுண்டுவிரலால் தூக்குச்சட்டி மூடியைத் தள்ளிவிட்டார். “தின்னு. அந்தப் புள்ளைக்குக் காட்டு.”

மொச்சை சட்டியை மோந்து பார்த்தது. சப்பை மூஞ்சியை இன்னும் சப்பையாக்கிக்கொண்டது. பின்னங்காலால் படியை நாலு தடவை வறட் வறட் என்று பிறாண்டியது. அசிங்கத்தை மண் போட்டு மூடும்போது பூனை செய்கிற அதே வேலை. பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு உள்ளே திரும்பி நேராகச் சாமி அறைக்குள் போய், அங்கே சுவர் அலமாரிக் கதவை முன்காலால் தட்டிக்கொண்டு, பசி தாங்காத கைக்குழந்தை மாதிரி கத்தியது.

“அங்க என்ன அதுக்கு?” என்றார் மெய்யநாதன்.

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நீங்க மில்லுக்குக் கெளம்புங்க, நேரமாச்சு” என்றாள் துர்காதேவி. சொன்ன வேகம் சரியில்லை.

அவர் போய்க் கதவைத் திறந்தார். திருநீற்று டப்பா, சூடம், காவடிக்குக் கட்டப் பட்டுத் துணி, பழனிக்குக் கொண்டுபோகிற பை. அதன் பின்னால், சாமி படத்துக்குச் சாய்மானமாக, பூனைப் படம் போட்ட பாக்கெட்டுகள் மூன்று. ஒன்று பாதி காலி. வாயை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது.

மொச்சை அவர் காலைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது.

“அது தவிட்டையும் தலையையும் தொடவே மாட்டேன்னுருச்சுங்க” என்றாள் துர்காதேவி கடைசியில். “பேதியான அன்னையிலருந்தே. நான் என்ன செய்ய? பட்டினி போடவா? சிறுவாட்டுக் காசுல வாங்குனேன்.”

“அப்ப முத்தழகு குடுத்துவிடுற மீனு?”

“தென்னமரத்துக்கு.”

“தென்னமரத்துக்கா!”

“தோட்டக்காரன விட்டுக் கொட்டிப் புதைச்சுருவேன். நல்லாக் காய்க்குதுங்க இந்த வருசம்.”

அம்மா மூக்கைக் கட்டிக்கொண்டு அறுத்த தலைகள், பொறுக்கிய முள், கரகரத்த குரலில் அந்தச் சந்தோசம், எல்லாம் தென்னமரத்து வேரில்.

“ஏன் பெரியம்மா, பூனை நல்லாத் திங்குதுன்னு எங்கம்மாட்ட சொன்னீக?”

“மனசு சங்கடப்படுவாளேன்னு சொன்னேன்டி. இவுகட்டயும் எப்பிடிச் சொல்றது? கம்பெனிக்காரனத் தோக்கடிச்சுட்டேன்னு மில்லு பூராச் சொல்லிட்டுத் திரியிறாக. மாலை போட்ட மனுசன், மனசு நோகக் கூடாதுல்ல?”

“அதுக்கு எங்கம்மா மார்கழிப் பனியில ரெண்டு குளி குளிக்கணுமா?”

தேவிகா வாசல் நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே சாமி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். மெய்யநாதன் கையில் எடுத்த பாக்கெட்டில் பூனைக்குப் பக்கத்தில் இன்னொரு படமும் இருந்தது.

“அதுல என்ன போட்டுருக்குன்னு பாத்தீகளா?”

“பிஸ்கட்டுத்தான்டி. உருண்டை உருண்டையா. பிஸ்கட்டுல என்ன கவுச்சி?”

“கடல் மீன்னு எழுதிருக்கு. படமே போட்டுருக்கு. மீனு துள்ளுது பாருங்க.”

மெய்யநாதன் பாக்கெட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மறு நொடி அதைச் சுட்ட சட்டி மாதிரி கீழே போட்டார். ரப்பர் பேண்டு தெறித்து, உருண்டைகள் சாமி அறை முழுக்க ஓடின. மொச்சை ஆனந்தமாகத் துரத்திப் போய்த் தின்றது.

“அடிப் பாவி! மாலை போட்ட வீட்டுல, காவடித் துணிக்குப் பக்கத்துல, மீனயா வச்சுருக்க?”

“கவரு கட்டியிருக்குற மட்டும் அது பிஸ்கட்டுத்தாங்க! வாசமே வரல!”

“தொறந்துருச்சே இப்ப!”

“நீங்கதான போட்டு ஒடச்சீக!”

வீட்டு அடுப்பில் ஏறக் கூடாது என்று ஆசாரி வீட்டுக்கு அனுப்பிய மீன், இத்தனை நாளும் இங்கே சாமிக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தது. தேவிகாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பைக் கோபம் பாதியில் நிறுத்தியது.

மெய்யநாதன் தலையில் கைவைத்து வராந்தாவுக்கு வந்தார். நாற்காலியில் விழுந்தார். பிறகு, அன்றைக்கு மில்லில் மலர்ந்த மாதிரியே முகம் மலர்ந்தது.

“ஒண்ணு செய்வோம்த்தா. ஆக்குறது கீக்குறது எல்லாம் வேணாம். நீ சொன்னதுதான் சரி. பாக்கெட்டே போதும். பாக்கெட்டையும் பூனையையும் ஒங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிரு. தைப்பூசம் முடிஞ்சு நாங்க வர்ற மட்டும் அங்கயே இருக்கட்டும்.”

“எங்க கொல்லையில சாமி குதிரை நிக்கிது பெரியப்பா.”

“அதான் பாக்கெட்டுல வாசமே வரலையே! பெரியம்மா சொன்னாள்ல?”

“அப்ப ஒங்க வீட்டுலயே இருக்கலாமே?”

“நாங்க மாலை போட்டுருக்கம்ல?”

தேவிகா அவரைப் பார்த்தாள். நடிப்பில்லை. கள்ளமே இல்லாத முகம். அவருக்கு உண்மையிலேயே அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை. இவரிடம் விடியவிடியப் பேசினாலும் நொய், தவிடு, உமி என்று எல்லாவற்றுக்கும் விலை தெரியும். முத்தழகின் கை மட்டும் கணக்கில் ஏறாது.

“இதுவரைக்கும் ஆக்குன கூலி?”

“தென்னமரத்துக்குப் போன மீனுக்குமா கூலி?”

“தென்னமரத்துக்குக் கொட்டுங்கன்னு எங்கம்மாவா சொன்னாக?”

“சரி சரி, கோவிக்காத. தை பொறக்கட்டும். நீ மில்லுல வந்து ஒக்காந்துரு. எல்லாத்தையும் ஒண்ணா வச்சுப் பாத்துக்குவம்.”

“எனக்குச் சம்பளம் எவ்வளவு?”

மெய்யநாதன் துர்காதேவியைப் பார்த்தார். துர்காதேவி தேவிகாவைப் பார்த்தாள், பாசமாகவே பார்த்தாள்.

“நம்ம வீட்டுப் புள்ளைக்கு என்னடி சம்பளம் பேசுறது? ஒனக்கு வேணுங்கிறத நாங்க செய்ய மாட்டமா?”

“செய்வீக. மைக்கு வச்சுச் செய்வீக.” தேவிகா படியிறங்கினாள். செருப்பு காலிலேயே இருந்ததால் நேரம் ஆகவில்லை. “எங்க வீட்டுல இனிமே மீன் வேகாது. பூனையும் வராது. ஆடிட்டர் ஆபீஸ்ல வர்றேன்னு நேத்தே சொல்லிட்டேன். முதல் சம்பளத்துலருந்து ஒங்க ஃபீஸ மாசாமாசம் அனுப்பிருவேன். அம்மா கூலிய நீங்க கணக்குப் போட்டுக் கழிச்சுக்குவீகளோ, கையில குடுப்பீகளோ, ஒங்க இஷ்டம். குடுக்காட்டி ஒவ்வொரு மாசமும் இங்க வந்து நின்னு கேப்பேன்.”

“ஒங்கப்பனுக்குத் தெரியுமா இது?” என்றார் மெய்யநாதன். அவர் முகத்தில் இப்போதுதான் சிரிப்பு முழுசாகப் போயிருந்தது.

“போய்த்தான் சொல்லணும், முதலாளி.”

கேட்டைத் திறந்து தெருவில் இறங்கினாள். நெல் ஏற்றிய லாரி ஒன்று மில்லுக்குள் திரும்ப முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. அதன் டயருக்கும் சுவருக்கும் நடுவில் ஒதுங்கி நடந்தாள். கை வீசி நடக்க லேசாக இருந்தது. பின்னாலிருந்து துர்காதேவியின் குரல் அலறியது.

“ஏடீ! சட்டிய எடுத்துட்டுப் போடி! மாலை போட்ட வீட்டு வாசல்ல மீன் சட்டி தொறந்து கெடக்கு! நாங்க எப்பிடிடி இதத் தொடுறது? ஏய் தேவிகா! ஏங்க, அவளக் கூப்பிடுங்க! அய்யோ, காக்கா வருது!”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.